தாமிரபரணிக் கரையில் ஒரு நாள் கொள்முதல்

பத்தமடை முதல் அம்பாசமுத்திரம் வரை: சரக்கு பிறக்கும் இடத்தைப் பார்த்து வருவோம்

துவரம் பருப்பு எந்த மண்டியில் என்ன விலை, மிளகாய் வரத்து கூடுதலா குறைவா, சீனி விலை அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் நம் வணிகப் பெருமக்கள் தூக்கத்திலும் பதில் சொல்வார்கள். ஆனால் கடை வாசலில் சுருட்டி நிறுத்தியிருக்கும் பாயை நெய்தவர் யார், பொங்கலுக்கு அடுக்கி வைக்கும் பானை எந்தக் குளத்து மண், கட்டுக் கட்டாக விற்கும் அப்பளத்தை எந்த வீட்டுத் திண்ணையில் தேய்த்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. "ஏஜெண்டு கொண்டுவந்து போடுகிறார், வாங்கி விற்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களின் அங்காடிகளும், வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனிகளும் பெருகிவிட்ட காலம் இது. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் ஆகியவற்றில் அவர்களோடு விலையில் போட்டியிட நம்மால் இயலாது. கையால் செய்த சரக்கில் நிலைமை வேறு. அதை அறிந்து வாங்கவும், வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லி விற்கவும் அண்ணாச்சி கடையால்தான் முடியும். அதற்குச் சரக்கு பிறக்கும் இடத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்துவர ஏற்ற ஒரு வழித்தடத்தை இங்கே தருகிறோம். திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் வரை சுமார் 40 கிலோமீட்டருக்குள் தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் வளப்படுத்தும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கோரை, களிமண், நூல், உளுந்து, மரம் என்று ஊருக்கு ஒரு தொழில். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் சுற்றி வந்துவிடலாம். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களுக்கு ரயிலும் உண்டு. பத்தமடைக்கு மட்டும் சாலை வழிதான்.

பத்தமடை: பட்டுப் போல் மடியும் பாய்

பத்தமடைப் பாயின் பெயரைக் கேட்டிராத வணிகர் இருக்க முடியாது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரைதான் இதன் மூலப்பொருள். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். வீட்டுக்குள்ளேயே தரையோடு தரையாகத் தறி போட்டு, பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, கோரையை ஊடாகச் செலுத்தி, அச்சால் அடித்து நெருக்குகிறார்கள்.

பட்டுப் பாய் எனப்படும் நுண்ணிய ரகத்தின் வேலை தறிக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. பச்சைக் கோரையை அறுத்து, கத்தியால் கீறி, உள்ளிருக்கும் சோற்றை வழித்தெடுத்து, மேல்தோலை மட்டும் மெல்லிய இழைகளாகப் பிரிக்க வேண்டும். காயவைத்த இழையைக் கட்டுக்கட்டாக ஓடும் ஆற்று நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, அதன்பின் சாயம் ஏற்றுகிறார்கள். முற்காலத்தில் சிவப்புக்குச் சப்பங்கி மரச் சாயம் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் கடைச் சாயமே. உயர்ந்த ரகத்துக்கு நூல் எண்ணிக்கை 100 முதல் 140 வரை சொல்வார்கள். அத்தகைய பாயைத் துணி போல மடித்து வைக்கலாம். சாதாரணப் பாய் சீக்கிரம் இறங்கிவிடும். பட்டுப் பாய் தறியை விட்டு இறங்க வாரக்கணக்கில் ஆகும். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்கு முகூர்த்த மாதங்களில் நல்ல கிராக்கி உண்டு.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த வணிகர் பாய்க்கு விலை கேட்கும் முறையே மாறிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை பேச்சுக்கு எடுத்துக்கொண்ட தொகைகளே. ஒரு பாயின் விலை 1,500 ரூபாய். கோரை, நூல், சாயம் 300 ரூபாய். இரண்டு பேர் நான்கு நாள் உழைப்பு என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,200 ரூபாயை எட்டு ஆள்கூலியாகப் பிரித்தால் ஒருவருக்கு நாளுக்கு 150 ரூபாய். நாம் சாமர்த்தியமாகப் பேசி 200 ரூபாய் குறைத்துவிட்டால் அந்தக் கூலி 125 ஆகிவிடும். கோரை விலையோ நூல் விலையோ நம் பேரத்தால் இறங்கப் போவதில்லை. குறைந்த 200 ரூபாயும் நெய்தவரின் கூலியிலிருந்துதான் போகிறது. மொத்த வியாபாரியிடம் பேரம் பேசினால் அவருடைய லாபம் குறையும். கைத்தொழில் செய்பவரிடம் பேசினால் வீட்டில் உலை வைக்கும் அரிசி குறையும்.

இன்னொரு செய்தியும் நாம் அறிய வேண்டியது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வேறு ஊர்ப் பாய்க்கோ மில் பாய்க்கோ 'பத்தமடை' என்று சீட்டு ஒட்டி விற்பது 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. காவிரிக் கரையில் கரூர், நாமக்கல் பகுதிக் கோரைப் பாய்களும் நல்ல பாய்களே. அவற்றை அந்தந்த ஊர்ப் பெயரிலேயே விற்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிளாஸ்டிக் பாயைக் கோரைப் பாய் விலைக்குத் தள்ளிவிடுவதுதான் கடையின் பெயரைக் கெடுக்கும்.

காருகுறிச்சி: சூளையில் வேகும் உழைப்பு

சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) பிறந்த ஊர். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த அவருடைய நாதஸ்வரத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஊரில் மண்பாண்டத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன.

குளத்துக் களிமண்ணை மணலோடு கலந்து மிதித்துப் பதப்படுத்தி, சக்கரத்தில் ஏற்றி வாயும் கழுத்தும் வனைகிறார்கள். அடிப்பாகம் அப்போது உருவாவதில்லை. பானை சற்று இறுகியபின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை உருட்டுகிறார்கள். பிறகு நிழலில் உலர்த்தி, வெயிலில் காட்டி, சூளையில் அடுக்கி, விறகும் வைக்கோலும் போட்டு, மேலே மண் பூசி மூடி வேகவைக்கிறார்கள். சூளை பிரிக்கும்வரை எத்தனை தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தத் தொழிலின் பெரிய சங்கடம் காலம்தான். நமக்குப் பானை அதிகம் தேவைப்படுவது தை மாதப் பொங்கலுக்கு. அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையோ அடைமழைக் காலம். மண் உலராது, சூளை பற்றாது. ஆகவே கோடையிலேயே செய்து, இடமும் முதலும் முடக்கி அடுக்கி வைத்தால்தான் பொங்கலுக்குச் சரக்கு இருக்கும். மார்கழியில் போய் "ஆயிரம் பானை வேண்டும், விலையைக் குறைத்துக்கொள்" என்று நின்றால் யாருக்கும் லாபமில்லை. ஆடி, ஆவணியிலேயே ஆர்டரும் முன்பணமும் கொடுப்பவருக்கு நல்ல பானையும் கிடைக்கும், நியாயமான விலையும் கிடைக்கும்.

மண் எடுப்பதும் நெடுங்காலமாக அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்துவந்தது. 2024-இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கி, ஏரி குளங்களில் வண்டல் மண்ணும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற வழி செய்தது.

வாங்கும் முறையைக் கவனியுங்கள். பானையை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் விரிசல் இருக்கும். ஆங்காங்கே கருப்புத் திட்டு இருப்பது தீ பட்ட அடையாளம், குறை அல்ல. புதுச் சட்டியைக் கழுநீரில் ஊறவைத்துப் பழக்கிய பின்பே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதை வாங்குபவருக்குக் கடையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்ற சட்டி முதல் நாளே வெடித்துக் கடைக்குத் திரும்பி வரும்.

உடைசலைக் கணக்கில் சேர்க்கும் முறையும் முக்கியம். நூறு பானையை 50 ரூபாய் வீதம் 5,000 ரூபாய்க்கு வாங்கி, வண்டி வாடகை 600 கொடுத்து, வழியில் எட்டு உடைந்தால், மீதி 92 பானையின் அடக்க விலை தலா 61 ரூபாய் ஆகிறது. இதன்மேல்தான் நம் லாபத்தை வைக்க வேண்டும். அதைவிட்டு, உடைந்த எட்டுக்கும் பணத்தைப் பிடித்துக்கொண்டு பானை செய்தவருக்கு அனுப்புவது முறையல்ல. சூளையில் உடைந்தது அவர் நஷ்டம். வண்டியில் ஏறியபின் உடைந்தது நம் நஷ்டம்.

வீரவநல்லூர்

அடுத்த ஊர் வீரவநல்லூர். சௌராஷ்டிர நெசவாளர்கள் கைத்தறியில் நெய்யும் செடிபுட்டா சேலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. செடியும் பூவுமாகப் புட்டா போட்ட இந்தச் சேலை செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்தது. ஜவுளி நம் உறுப்பினர்களில் சிலருக்கே தொழில் என்பதால் இங்கே விரிக்கவில்லை. வழியில் இறங்கித் தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவதில் தவறில்லை.

கல்லிடைக்குறிச்சி: நம் சொந்தச் சரக்கு

மளிகைக்காரர் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர் கல்லிடைக்குறிச்சி. இவ்வூர் அப்பளத்துக்கு ஊர் பெயரே விளம்பரம்.

உளுந்த மாவு, உப்பு, அப்பளக் காரம் ஆகியவைதான் அடிப்படை. பழைய பக்குவத்தில் பிரண்டைச் சாறும் சேரும். மாவைப் பிசைந்து, நல்லெண்ணெய் தொட்டு, உலக்கையால் இடித்து இடித்து இழுவைப் பதம் வரச் செய்து, திரித்து, ஒரே அளவாகத் துண்டு போட்டு, வட்டமாகத் தேய்த்து உலர்த்த வேண்டும். தேய்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மாவை வாங்கிச் சென்று தேய்த்துக் கொடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வழக்கம் அப்பளத் தொழிலில் பரவலாக உள்ளது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வெளியே வேலைக்குப் போக முடியாத பெண் தன் வீட்டுத் திண்ணையிலேயே சம்பாதிக்கும் காசு அது. அப்பளக் கட்டில் நாம் நாலணா குறைத்துக் கேட்டால் அது கடைசியில் எந்தக் கையைப் போய்ச் சேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தரம் பார்ப்பது நமக்குக் கைவந்த கலை. உளுந்து மட்டும் சேர்ந்த அப்பளம் எண்ணெயில் போட்டதும் ஒரே சீராகப் பொரிந்து விரியும்; வாயில் போட்டால் கரையும். மைதாவோ அரிசி மாவோ கலந்தது விறைப்பாக நிற்கும். காரம் அதிகமானது சீக்கிரம் சிவந்து, நாக்கில் சுள்ளென்று உறுத்தும். கொள்முதலின்போது கட்டுக்கு ஒன்று எடுத்துப் பொரித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல சரக்கு செய்பவர் அதை வரவேற்பார்.

பாக்கெட்டாக வாங்கினால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அதிகாரி சோதனைக்கு வரும்போது கேள்வி முதலில் கடைக்காரரிடம்தான் வரும். சிறு தயாரிப்பாளர் பலருக்கு இந்த விவரம் தெரியாமல் இருக்கலாம். அவர்களை ஒதுக்கிவிடாமல், பதிவு செய்துகொள்ள வழி சொல்லிக் கொடுப்பது நம் கடமை. அப்பளத்துக்கும் மண்பானைக்கும் ஜி.எஸ்.டி. இல்லை என்பதை நினைவில் வைத்துப் பில் போடுங்கள்.

அப்பளத்துக்கும் வெயில் வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கட்டு வருவதற்குக் காரணம் சரியாக உலராததே. புரட்டாசி முடியுமுன் தேவையானதை வாங்கி, காற்றுப் புகாத டின்னில் வைத்துக்கொள்வது நல்லது.

அம்பாசமுத்திரம்: சொப்புச் சாமான்

ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். மஞ்சள் கடம்பு போன்ற மரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணக் கட்டியை அழுத்திப் பிடித்து, உராயும் சூட்டிலேயே நிறம் ஏற்றுகிறார்கள். அம்மி, உரல், திருகை, அடுப்பு, குடம் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் உள்ளங்கை அளவில் கிடைக்கும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் விளையாடிய சொப்பு இதுதான். நிஜ அம்மியும் திருகையும் வீட்டை விட்டுப் போய்விட்ட இந்நாளில், பேரப்பிள்ளைகளுக்கு அவற்றின் பெயரைச் சொல்லிக்கொடுக்க இந்தச் சொப்புதான் மிச்சம். கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் கடையில் பத்துப் பெட்டி வைத்தால் விற்பனை உண்டு.

இதிலும் ஒரு சட்ட விவரம். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே, செய்தவரின் பதிவு அட்டை எண்ணைக் குறித்த ரசீது வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நாம் வாங்கி மறுவிற்பனை செய்வதற்கு என்ன விதி என்று சங்கத்தின் வரி ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

கடனா, ரொக்கமா?

இந்த ஊர்களின் எதிர்காலம் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. மண்டியில் முப்பது நாள் கடன் நமக்குப் பழக்கம். அதே பழக்கத்தைக் கைத்தொழில் செய்பவரிடமும் காட்டுகிறோம். மண்டிக்காரருக்கு முதல் இருக்கிறது, வங்கி இருக்கிறது. பாய் நெய்பவருக்கு இந்தப் பாய் விற்ற காசில்தான் அடுத்த பாய்க்குக் கோரை வாங்க வேண்டும். நாம் ஒரு மாதம் பணம் தராவிட்டால் ஒரு மாதம் தறி நிற்கும். அல்லது தரகரிடம் கடன் வாங்குவார். கடனுக்கு ஈடாகத் தரகர் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுப்பார். அடுத்த தடவை நாம் போகும்போது அவரிடம் நமக்குக் கொடுக்கச் சரக்கு இருக்காது. இந்தத் தலைமுறையில் பிள்ளைகள் தொழிலை விட்டு வேறு வேலை தேடிப் போவதற்கு, வாங்க ஆள் இல்லாதது மட்டுமே காரணமல்ல. வாங்கியவர் காசு கொடுக்காததும் ஒரு காரணம்.

சட்டமும் இதையே சொல்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்தது. சட்டத்துக்குப் பயந்து கொடுப்பதைவிட, சரக்கைக் கையில் வாங்கும்போதே காசை எண்ணிக் கொடுப்பது மரியாதை. ரொக்கத்துக்கு வாங்கினால் நல்ல உருப்படியைப் பொறுக்கி எடுக்கும் உரிமையும் நமக்கு வருகிறது.

போகும்போது கவனிக்க

1. வீடுதான் தொழிற்கூடம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். பெண்கள் வேலை செய்யும் இடம் என்பதால் வாசலில் நின்று அழைத்து, அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது. படம் எடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. முதல் தடவையே பெரிய ஆர்டர் வேண்டாம். பத்துப் பாய், இருபது பானை, ஐம்பது கட்டு அப்பளம் என்று தொடங்கி, விற்பனையைப் பார்த்துக் கூட்டுங்கள். கையால் செய்வது மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அதை அவரிடமே கேட்டறிந்து ஆர்டர் கொடுங்கள்.

3. தனித்தனியாகப் போனால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி பேசி, வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

4. ஊர் பெயரைக் கடையில் எழுதி வையுங்கள். 'காருகுறிச்சிப் பானை', 'கல்லிடைக்குறிச்சி அப்பளம்' என்று ஓர் அட்டை போதும். எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கடைப் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்கும்போது அவன் விழிக்கக் கூடாது.

5. விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பும் நிபந்தனை போடாதீர்கள். பார்த்துப் பொறுக்கி வாங்கியது நாம். விற்கும் பொறுப்பும் நம்முடையதே.

இது நெல்லைச் சீமைக்கு மட்டும் உரிய யோசனை அல்ல. ஈரோட்டு அன்பர்களுக்குப் பவானி ஜமக்காளம், சிவகங்கை அன்பர்களுக்கு மானாமதுரை மண்பாண்டம், குடந்தை அன்பர்களுக்கு நாச்சியார்கோவில் விளக்கு, திண்டுக்கல் அன்பர்களுக்குப் பூட்டு என்று எல்லா வட்டாரத்திலும் அரை நாள் தூரத்தில் ஒரு தொழில் இருக்கிறது. கிளைச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்கலாம். சுற்றுலா போன செலவும் மிச்சம், சரக்கும் கையில்.

'வாங்கும்போதே லாபம்' என்பது நம் தொழிலில் வழங்கும் சொல். மலிவாக வாங்குவது மட்டுமே அதற்குப் பொருளல்ல. யாரிடம் வாங்குகிறோம், எப்படிச் செய்ததை வாங்குகிறோம், அவர் அடுத்த ஆண்டும் செய்து தருவாரா என்பதை அறிந்து வாங்குவதும் அதில் அடக்கம். ஆடி பிறப்பதற்குள் உங்கள் வட்டாரத்துச் சூளைக்கும் தறிக்கும் ஒருமுறை போய், பொங்கலுக்கு வேண்டிய ஆர்டரைச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.